பலகைக்கு வெளியே இரண்டு அங்கணங்கள்

ஷிஹே, ஷான்ஷி மாகாணம்
1986 ஜனவரி, லாபா கஞ்சி குடித்த மறுநாள்

அன்புள்ள மகன் யான்லினுக்கு,

உறையின் மேல் இருந்த முகவரியைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய். இத்தனை வருடமாக உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் பெய்ஜிங்கில் உன் ரயில்வே நண்பனின் விடுதிக்குத்தான் அனுப்பினேன். இந்தக் கடிதம் மட்டும் தாதோங் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் புகைப்படக் கடைக்கு நேராக வருகிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு உன் மேல் கோபமும் இல்லை. கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு, ஓர் இடத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படி.

உன் அம்மாவின் முழங்கால் வலி பனி இறங்கியதும் வழக்கம்போல வந்துவிட்டது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றிக்கொள்கிறாள். நிலக்கரி இந்த வருடம் நல்லதாகக் கிடைத்தது, புகை குறைவு. நேற்று லாபா பண்டிகைக் கஞ்சியில் சிவப்பு இலந்தை போதவில்லை என்று குறைபட்டுக்கொண்டே ஒரு கிண்ணம் எடுத்து உன் இடத்தில் வைத்தாள். மாலையில் அதை நான்தான் குடித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. இந்த வெட்கம் உன்னால் வந்ததல்ல. பின்னால் படிக்கும்போது நீ வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதல் பக்கத்திலேயே அதை எழுதிவைக்கிறேன்.

நம் ஊர்க் கலாச்சார நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு அல்லவா, முன்பு செய்தித்தாள் ஒட்டுவார்களே, அதில் இலையுதிர் காலத்திலிருந்து உன் படம் இருந்தது. நீ அனுப்பிய முதல் படம். தியானன்மென் வாசலுக்கு முன்னால், கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி நிற்கிறாயே, அதேதான். "தலைநகரில் நம் ஊர்ப் பிள்ளைகள்" என்று மேலே தலைப்பு. ஆனால் பிள்ளை நீ ஒருவன்தான். கீழே வாசலின் வரலாற்றை நானே தூரிகையால் எழுதி ஒட்டியிருந்தேன். மிங் அரசர்கள் கட்டியது, மின்னல் விழுந்து எரிந்தது, திரும்பக் கட்டியது, ஒரு போரில் மறுபடி எரிந்தது, ச்சிங் அரசர்கள் மறுபடி கட்டிப் பெயரை மாற்றியது, கடைசியில் குடியரசின் சின்னத்திலும் நம் சட்டைப்பையில் இருக்கும் ஒரு ஃபென் காசிலும் அது ஏறி உட்கார்ந்தது வரை எல்லாம் எழுதியிருந்தேன். வகுப்பில் நான் சொல்வேனே, மேலே கூடத்தின் முகப்பில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒன்பது அங்கணம், உள்ளே ஆழத்தில் ஐந்து, ஒன்பதும் ஐந்தும் அரசருக்கு உரிய எண்கள் என்று, அதையும் எழுதினேன். எழுதி, கடைசி வரியில், இதை எழுதியவரின் மகன் இந்த வாசலைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறான் என்று சேர்த்தேன். அது வரலாறு அல்ல. ஆனாலும் சேர்த்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிரே தூவின் கொதிநீர்க் கடை. காலையில் தெருவே அங்கேதான் நிற்கும். குளிரில் ஆட்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டு, பிளாஸ்க்குகளை மட்டும் வரிசையில் வைத்திருப்பார்கள். நானும் தினமும் போவேன். வெந்நீர் வாங்க என்று சொல்லிக்கொண்டாலும், பாதி உன் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான் போனேன். யாராவது ஒருவர், வாத்தியாரே, பையன் எப்படி இருக்கான் என்று கேட்பார்கள். நான் அடக்கமாகப் பதில் சொல்வேன். அந்த அடக்கத்துக்காகவே அவர்கள் இன்னொரு முறை கேட்பார்கள்.

போன வாரம் ஒரு நாள் காலை, டோஃபு விற்கும் ச்சியாவ் அக்கா வரிசைக்கு வந்தாள். நம் வீட்டுக்கு மூன்றாவது வீடு, உனக்குத் தெரியாததா. தாதோங்கில் இருக்கும் அவள் அக்கா நெஞ்சுச் சளி முற்றிப் படுத்துவிட்டாள் என்று ஐந்து நாள் கடையை மூடிவிட்டுப் போய் வந்திருந்தாள். தூ அடுப்பைக் கிளறிக்கொண்டே, "என்ன ச்சியாவ் அக்கா, ஒரு சுத்து பெருத்து வந்திருக்கீங்க! அந்த ஊர்ல டோஃபு விக்கிறவங்களுக்குச் சோறு இலவசமா?" என்று கேட்டான். அவள் சளைக்காமல், "அஞ்சு நாளு உன் கரி மூஞ்சிய பாக்காம இருந்தேன்ல, அதான் உடம்பு தேறிடுச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு அவள் பஞ்சுச் சட்டைக்குள்ளிருந்து ஒரு காகித உறையை எடுத்தாள். "பாத்துக்கங்க. நானும் பெய்ஜிங்கு போயிட்டு வந்துட்டேன். ரயிலு கூட மாறல. போட்டோக் கடைத் துணியில எழுதுன பெய்ஜிங்கு!" என்று சொல்லி, உறையிலிருந்த படத்தை வரிசையில் கொடுத்தாள். அவள் யாரையும் ஏமாற்றவில்லை, யான்லின். அது துணி என்று முதலிலேயே சொன்னாள். நடுவில் ஒரு முக்காலியில் அவள் அக்கா, பின்னால் அக்கா புருஷன், இரண்டு பக்கமும் பிள்ளைகள், ஓரத்தில் இவள். கன்னங்களுக்கெல்லாம் இளஞ்சிவப்பு தீட்டியிருந்தது. நோயாளியின் கன்னத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

படம் தூவின் கைக்குப் போனது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தான். "இருங்க, இருங்க. இந்த மேகத்த நான் எங்கயோ பாத்திருக்கேன். கழுத்த நீட்டிக்கிட்டு வாத்து மாதிரி... அட, எதிர்லதான்! நம்ம குவோ வாத்தியார் மகன் படத்துல!" என்றான். பாவம், அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நாளெல்லாம் அடுப்பிலிருந்து நிமிர்ந்தால் அவன் கண்ணுக்குத் தெரிவது உன் படம்தான். பார்த்துப் பார்த்து அந்த மேகம் அவனுக்கு மனப்பாடமாகியிருக்கிறது. உடனே பிளாஸ்க்குகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தெருவைக் கடந்தார்கள். கண்ணாடி மேல் படத்தை வைத்துப் பார்த்தார்கள். "ஒரே வாத்துதான்யா!" என்றான் தூ. ச்சியாவ் அக்காவின் முகம் அப்போது மாறியது. "மேகம்னா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். குடுறா இங்க" என்று கையை நீட்டினாள். அவள் முகம் ஏன் மாறியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. படம் அதற்குள் என் கைக்கு வந்துவிட்டது.

நான் மேகத்தைப் பார்க்கவில்லை. அங்கணங்களை எண்ணினேன். பழக்கம்.

நீ அனுப்பிய படங்களில் எல்லாம் நீதான் பெரிதாக நிற்பாய், பின்னால் தலைவர் படமும் ஒரு வளைவும்தான் தெரியும். ஐந்து பேர் நிற்க வேண்டிய இந்தப் படத்தில் கேமராவைப் பின்னுக்கு இழுத்திருந்தார்கள். வாசல் முழுதாகத் தெரிந்தது. எட்டுத் தூண், ஏழு அங்கணம்.

ஏழு அங்கணம் வைத்த தியானன்மென் வாசல் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. நம் பள்ளியின் மூன்றாம் வகுப்பில். கரும்பலகையின் வலது ஓரம் விரிசல் விட்டுச் சுண்ணாம்பு பிடிக்காது. எத்தனை முறை ஆரம்பித்தாலும் ஏழாவது அங்கணத்தோடு பலகை முடிந்துவிடும். ஒவ்வொரு வருடமும் அதையே வரைந்துவிட்டு, மீதி இரண்டும் பலகைக்கு வெளியே இருக்கின்றன, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். சிறிதாக வரைய எனக்கு ஏனோ தோன்றியதே இல்லை. நீயும் அந்த வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஆகவே அந்தத் துணியை யார் வரைந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூரையின் முனை வளையும் விதம், சுவரின் கீழே நிழல் விழும் விதம், எல்லாம் உன் கை. நன்றாக வரைந்திருக்கிறாய். அதை அப்போது நினைக்கவில்லை, இப்போது எழுதும்போது நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் பேசினேன். இதைக் கவனமாகப் படி. தெரியாமல் பேசியிருந்தால் அது வெறும் முட்டாள்தனம். தெருவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்புக் குரலில், "ச்சியாவ் அக்கா, எழுதப் படிக்கத் தெரியாதவங்க இந்த மாதிரி விஷயத்துல விளையாடக் கூடாது. இது நாட்டோட சின்னம். அத அழுக்குத் துணியில எழுதி, முன்னால நின்னு பல்லக் காட்டி, தெருவுல கொண்டாந்து வச்சுச் சிரிக்கிறீங்க. யாராவது மேலிடத்துல சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றேன்.

தூவின் கொப்பரை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

நீ அப்போது சின்னப் பையன், உனக்கு நினைவு இருக்குமோ என்னவோ. அந்தப் பத்து வருடக் கலவரத்தில் ச்சியாவ் அக்காவின் புருஷன் உலர்ந்த டோஃபுவை ஒரு பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தான். தாளின் உள்பக்கம் தலைவரின் படம் இருந்ததை அவன் பார்க்கவில்லை. வாங்கினவன் பார்த்துவிட்டான். தலைவரை அவமதித்தான் என்று கழுத்தில் அட்டை மாட்டி அவனை இதே தெருவில், இதே கலாச்சார நிலையத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை. நம் தெருவில் இது தெரியாதவர் யாருமில்லை. எனக்கும் தெரியும். நான் அந்தச் சொற்களைத் தேடி எடுக்கவில்லை, ஆனால் அவை என் வாயில் எவ்வளவு தயாராக இருந்தன என்பதை நினைத்தால் இப்போதும் உடல் கூசுகிறது.

ச்சியாவ் அக்கா என் கையிலிருந்து படத்தை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். தெருவைக் கடந்து தூவின் அடுப்புக்குப் போய், திறந்திருந்த வாய்க்குள் அதைப் போட்டாள். "ஆச்சு. இனி வச்சுப் பாக்க ஒண்ணுமில்ல. அவங்கவங்க பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு வரிசைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய பிளாஸ்க்கை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போனாள். அவள் பயந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் காலடியில் பனியில் அந்தக் காகித உறை கிடந்தது. குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடையின் முகவரி அதில்தான் அச்சடித்திருந்தது. பென்சிலில் ஒரு நெகட்டிவ் எண்ணும் இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "மொத படம் வந்தப்பவே கேட்டேனே, பெய்ஜிங்குல தரையெல்லாம் பலகையான்னு. நீங்கதான் பொழுது சாயற வரைக்கும் கல்லு பதிக்கிற வித்தையச் சொன்னீங்க" என்றாள். வீட்டில் இருந்த உன் மற்றப் படங்களை எடுத்துப் பார்த்தேன். உன் காலணிக்குக் கீழே, ஆணி அடித்த பலகை, பளிச்சென்று தெரிகிறது. மகனே, உன் அம்மாவுக்கு அவள் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லக்கூட நான் இடம் வைக்கவில்லை. விளக்கம் சொல்லியே வாயை அடைத்திருக்கிறேன். நீ புத்தாண்டுக்கு வந்த இரண்டு முறையும் உன் நக இடுக்கில் சாயம் இருந்ததாம். அதையும் அன்றுதான் சொன்னாள்.

மறுநாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ச்சியாவ் அக்காவின் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் எழுந்து நின்றாள். இத்தனை வருடத்தில் எனக்காக அவள் எழுந்ததில்லை, உட்கார்ந்தபடியே, "வாத்தியாரே, மெதுவா கடிங்க, இருக்கற பல்லும் போயிடும்" என்று கேலி செய்வாள். அன்று எழுந்து நின்று, பெரிய துண்டாக வெட்டி வைத்து, "வேற ஏதாச்சும் வேணுங்களா, ஐயா?" என்று கேட்டாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. டோஃபுவோடு திரும்பி வந்துவிட்டேன். உன் அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அதற்கும் மறுநாள் காகித உறையை எடுத்துக்கொண்டு போனேன். அதை அவள் மேசை மேல் வைத்து, "நான் சொன்னது தப்பு. தெரிஞ்சே சொன்னேன்" என்றேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவனுக்கு அந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் வரவில்லை. அவள் உறையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் கத்தியைத் துடைத்தாள். பிறகு, "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளுக்கும் தெரியும் என்று.

அவள் உன்னைப் பார்த்திருக்கிறாள். நீ சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதையும் சொன்னாள். "வாய மூடி முகமூடி போட்டிருந்தான். ஆனா அந்த நடை உங்க நடைதானே, வாத்தியாரே, ஒரு தோள எறக்கிக்கிட்டு! எங்க அக்காவால நிக்க முடியலன்னு யாரும் சொல்லல, அவனே முக்காலி கொண்டாந்து போட்டான். போறப்போ வாசல் வரைக்கும் வந்து, 'அத்தை, வீட்ல சொல்லாதீங்க, நானே சொல்லிக்கிறேன்'னு சொன்னான். அந்தப் படமும் எதிர்ல தொங்குற படமும் ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எங்க அத நின்னு பாத்தேன்? அக்கா இருக்கற ஒரே படமாச்சேன்னு காட்டினேன். அந்தக் கரிமூஞ்சிதான் வாத்தக் கண்டுபிடிச்சிட்டான்" என்றாள்.

ஆக, அவள் பயந்து எரிக்கவில்லை. வைத்து ஒப்பிட ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று எரித்தாள். உனக்குக் கொடுத்த வாக்குக்காக. நான் அவளை மிரட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவள் என் வீட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவள் அக்கா அதிக நாள் இருக்க மாட்டாளாம். ஒரே ஒரு பிரதிதான் எடுத்தார்களாம், நீ எடுத்துக்கிட்டுப் போ என்று அக்காவே கையில் திணித்தாளாம்.

வகுப்பில் நான் சொல்லும் ஓர் உதாரணம் உனக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் அரசரின் ஆணையை அந்த வாசலின் மேலிருந்து படிப்பார்கள். படித்ததும், மரத்தில் செய்து பொன் பூசிய ஒரு பறவையின் அலகில் அதை வைத்துக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். கீழே அதிகாரிகள் மண்டியிட்டு, மேகம்போல் செதுக்கிய தட்டில் அதை ஏந்துவார்கள். பறவை இறங்கி வருவதை நான் கையால் காட்டுவேன், நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். இப்போது யோசித்தால், அந்தக் கயிற்றில் மேலே ஏதாவது போனதாக எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நம் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். கட்டடக்கலைக் கல்லூரித் தேர்வு எழுதிவிட்டு, முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றுதான் நீ எழுதியிருந்தாய். நான் அன்றைக்கே தெருவெங்கும் மிட்டாய் கொடுத்துவிட்டேன். அதையும் பெருமையாக உனக்கு எழுதினேன். நீ தேறவில்லை என்று எழுத முடியாதபடி பறவை கீழே வந்தாயிற்று. தட்டை ஏந்துவதைத் தவிர உனக்கு வேறு என்ன வழி இருந்தது? பத்தொன்பது வயதில்.

இனி எழுதப்போவதற்கு நீ என்னைக் கோபித்துக்கொள்ளலாம். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். ச்சியாவ் அக்காவின் கடைக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. நான் சொன்ன சொல்லின் வேலை. மேலிடம் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், இந்த ஊர்க்காரர்கள் வேறு தெருவில் டோஃபு வாங்கத் தொடங்கிவிடுவார்கள், பழைய பழக்கம். உன்னிடம் எழுதிக் கேட்டு, பதில் வரும் வரை காத்திருந்தால் அவள் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் லாபாவுக்கு முந்தின நாள் காலை, வரிசை நீளமாக இருந்தபோது போனேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து உன் படத்தையும் என் கட்டுரையையும் எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்பி நின்று சொன்னேன். ச்சியாவ் அக்கா சொன்னது உண்மை, இது தாதோங்கில் எடுத்த படம், என் மகன் பெய்ஜிங்கில் இல்லை, அந்தத் துணியை வரைந்தவனே அவன்தான், அது தெரிந்துகொண்டே அவளை மிரட்டினேன் என்று சொன்னேன். வகுப்புக் குரல் அன்று வரவில்லை.

பிறகு தூ, "வாத்தியாரே, அப்ப அந்த வாத்து நம்ம யான்லின் போட்டதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அது மேகம்னு நெனச்சே போட்டானா, இல்ல வாத்துன்னா?" என்றான். யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடையில் விலை குறைத்துப் போடுவார்களா என்று கேட்டார். இன்னொருவர், பெய்ஜிங் வரை போய் வரும் சத்திரச் செலவுக்கு இது எவ்வளவோ மேல் என்றார். இப்போது வசந்த விழாப் புத்தாண்டுக்குப் பிறகு பாதித் தெரு தாதோங் கிளம்புகிறது. நீ தயாராக இரு. நான் விளையாட்டுக்கு எழுதவில்லை, தூ இப்போதே தொப்பி இரவல் கேட்டு அலைகிறான்.

சிரிக்காமல் நின்றது ச்சியாவ் அக்கா மட்டும்தான். வரிசை கலைந்ததும் என்னிடம் வந்து, "எல்லாத்தையும் நீங்களே ஊருக்குச் சொல்றதா இருந்தா, நான் எதுக்கு எங்க அக்காவ அடுப்புல போட்டேன்?" என்று கேட்டாள். பிறகு அவளாகவே, "கிண்ணத்த எடுத்துக்கிட்டு வாங்க, நேத்து போட்டது மீதி இருக்கு" என்றாள். போனேன். உட்கார்ந்தபடியே வெட்டிக் கொடுத்தாள்.

யான்லின், முதல் வேண்டுகோள் அவளுக்காக. காகித உறையை இதோடு வைத்திருக்கிறேன். அந்த எண்ணுள்ள நெகட்டிவைத் தேடி எடுத்து, இரண்டு பிரதி போடு. ஒன்றை அவள் அக்கா வீட்டில் நீயே கொண்டுபோய்க் கொடு. நாளைக்கு என்று வைக்காதே. நோயாளியின் கன்னத்துக்கு அன்று தீட்டியதுபோலவே கொஞ்சம் கூடுதலாகத் தீட்டு. மற்றதைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நீயே எடுத்து வா. புத்தாண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வந்தால் தெருவில் என்ன பேச்சு இருக்கும் என்று பயப்படாதே. பேசுவார்கள். வாத்து என்று கூப்பிடுவார்கள். என்னைப் பற்றிப் பேச இதைவிட நிறைய இருக்கிறது, நான் தினமும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். எனக்கு முன்னால் இருப்பவர் பிளாஸ்க்கை நகர்த்தி இடம் விடுகிறார். பழகிவிடும்.

இரண்டாவது வேண்டுகோள் உன் அம்மாவும் நானும் சேர்ந்து கேட்பது. நான் முப்பத்து மூன்று வருடம் அந்த வாசலைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அதை நான் பார்த்ததே இல்லை. பாடப்புத்தகத்தில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்துத்தான் பலகையில் வரைந்தேன். இது உனக்குத் தெரியும், ஆனால் நாம் இருவரும் இதைப் பேசியதில்லை. பார்க்காத வாசலை நான் காட்டினேன், நீயும் காட்டினாய். உன்னுடையது என்னுடையதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. பனி உருகியதும் நாங்கள் தாதோங்குக்கு வருகிறோம். எங்களை அதற்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடு. கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு நீயும் வந்து நில்.

துணியைத் திருத்தி ஒன்பது அங்கணமாக்கலாமா என்று யோசிப்பாய். வேண்டாம். நீ நடுவில் நில். வலது ஓரத்தில் உன் அம்மா நிற்கட்டும், இடது ஓரத்தில் நான் நிற்கிறேன். விட்டுப்போன அந்த இரண்டு இடத்தையும் நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்.

அம்மா உனக்குப் பஞ்சுக் காலணி தைத்து முடித்துவிட்டாள். அளவு பழைய அளவுதானா என்று கேட்கச் சொல்கிறாள். கேட்டுவிட்டு, எழுத வேண்டாம், வந்தால் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

சாயத்தோடு வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வை. வேளைக்குச் சாப்பிடு. நகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வர வேண்டாம், அப்படியே வா.

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் இனி கேட்காத

உன் தந்தை,
குவோ திங்ருய்